மினியேச்சர் போர் விளையாட்டு: புதிதாக இறங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

சின்னச் சின்னப் பொம்மைகளை நாமே ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசை மேல் படையாக நகர்த்தி ஆடுவதுதான் மினியேச்சர் போர் விளையாட்டு. புதிதாக ஒரு விளையாட்டு வெளியாகிறது. பெட்டி மேல் இருக்கும் படம் கண்ணைப் பறிக்கிறது. வாங்கலாமா, நம்மால் முடியுமா, யாரோடு ஆடுவது என்று ஆயிரம் யோசனை. அப்படி யோசித்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். என் பதில்களில் ஒரு சாய்வு இருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் ஆடிப் பாருங்கள், அப்புறம் வாங்குங்கள், வண்ணம் அதற்கும் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்து, பிரிக்காத பெட்டிகளைப் பரணில் அடுக்கியவன் நான்.

இது சதுரங்கம் மாதிரியா?

இரண்டு பேர், இரண்டு படை, மாறி மாறி நகர்த்துவது என்ற வரைக்கும் ஆம். ஆனால் இங்கே கட்டங்கள் கிடையாது. டேப்பை வைத்து அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்துவீர்கள். வெட்டினால் காய் போய்விடும் என்ற உறுதியும் கிடையாது. பகடை உருட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரி கண்ணுக்குத் தெரிகிறானா என்பதும் ஒரு கேள்வி. உங்கள் வில்லாளிக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடி, அவன் தலை உயரத்திலிருந்து பார்ப்பீர்கள். அட்டைச் சுவருக்கு மேலே எதிரியின் தொப்பி தெரிந்தால் சுடலாமா கூடாதா என்று ஐந்து நிமிடம் பேசுவீர்கள். அந்தக் குனிந்து பார்க்கும் நொடியில்தான் பலருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போகிறது.

இதன் வேர் ராணுவப் பயிற்சியில் இருக்கிறது. பிரஷ்ய ராணுவத்தில் ரெய்ஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-ல் வரைபடமும் பகடையும் கொண்ட போர்ப் பயிற்சி விதிகளை முறைப்படுத்தினார். அறிவியல் புனைகதைகள் எழுதிய ஹெச். ஜி. வெல்ஸ் 1913-ல் வீட்டில் ஆடும் விதிகளை வெளியிட்டார். விசை வைத்த பொம்மைப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய்களை நிஜமாகவே சுட்டுச் சாய்க்கும் விளையாட்டு அது. இன்று பீரங்கி போய் பகடை வந்திருக்கிறது. சிப்பாய்கள் அப்படியேதான் இருக்கிறார்கள்.

எத்தனையோ விளையாட்டுகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

எதிரே வந்து உட்கார யார் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். உலகத்திலேயே சிறந்த விதிகளாக இருக்கட்டும், கூட ஆட ஆள் இல்லையென்றால் அது அலமாரிப் பொருள்தான். நண்பர் ஒருவர் ஏற்கெனவே ஏதோ ஒன்றை ஆடுகிறார் என்றால், அது உங்கள் முதல் விருப்பமாக இல்லாவிட்டாலும் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆள் இருக்கிறார், இருவருமே புதியவர்கள் என்றால் அளவைப் பாருங்கள். சிறு மோதல் வகை என்று ஒன்று உண்டு. ஒரு பக்கத்துக்கு ஐந்திலிருந்து பதினைந்து உருவங்கள் போதும். 'கில் டீம்' இந்த வகை. 'ஃப்ராஸ்ட்கிரேவ்' இன்னொன்று: ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், எட்டு கூலிவீரர்கள், ஆகப் பத்து பேர், கையில் இருக்கும் எந்தப் பொம்மையையும் வைத்து ஆடலாம். பெரும்படை வகையில் 'வார்ஹாமர் 40,000' எல்லாரும் அறிந்தது, 1987-லிருந்து இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் பிடிக்குமென்றால் 'போல்ட் ஆக்‌ஷன்'. 'ஒன் பேஜ் ரூல்ஸ்' தன் அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறது; பெயருக்கேற்ப மிகச் சுருக்கமானவை.

என் யோசனை: பத்து உருவத்தில் ஆரம்பியுங்கள். பத்து உருவத்தை ஒரு மாதத்துக்குள் ஒட்டி, வண்ணமும் தீட்டி முடித்துவிடலாம். நூறு உருவம் வாங்கியவர் முடிப்பதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போதுதான் வெளியான விளையாட்டு. உடனே வாங்கலாமா, பொறுக்கலாமா?

பெட்டிக்கு முன்னால் விதிகளைத் தேடுங்கள். பல வெளியீட்டாளர்கள் அடிப்படை விதிகளை இலவசமாகப் பதிவிறக்கத் தருகிறார்கள். கிடைத்ததென்றால் காகிதப் படை செய்து ஆடிப் பார்த்துவிடலாம். கெட்டி அட்டையில் 32 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டங்கள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 'வாள்வீரன்', 'வில்லாளி', 'தலைவன்' என்று எழுதி, முகம் எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். புத்தகங்களைக் கட்டடமாக அடுக்குங்கள். அளக்க ஒரு டேப், உருட்ட ஒரு கைப்பிடி பகடை. இவ்வளவுதான். இரண்டு மாலை நேரம் இப்படி ஆடினால், விளையாட்டு உங்களுக்குப் பிடிக்கிறதா, இல்லை பெட்டியின் படம்தான் பிடித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

புது விளையாட்டென்றால் இன்னும் சிலவற்றையும் பார்க்க வேண்டும். முதல் பதிப்பில் பிழைகள் கட்டாயம் இருக்கும். வெளியீட்டாளர் திருத்தப் பட்டியல் போடுகிறாரா? நீங்கள் விரும்பும் படைக்கான பொம்மைகள் வந்துவிட்டனவா, 'விரைவில்' என்ற வார்த்தையை நம்பியிருக்கிறீர்களா? முன்பணம் திரட்டித் தயாராகும் விளையாட்டுகளில் பொருள் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் கூட ஆடுவதாகச் சொன்ன நண்பர் வேறொன்றுக்குத் தாவியிருப்பார்.

பழைய விளையாட்டு நிலையானது என்றும் நினைக்க வேண்டாம். வார்ஹாமர் 40,000-ன் எட்டாம் பதிப்பு 2017-ல், ஒன்பதாவது 2020-ல், பத்தாவது 2023-ல் வந்தன. மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிப் புத்தகம் பழசாகிறது. பொம்மைகள் அப்படியே பயன்படும். அதனால் புத்தகத்தில் சிக்கனம் காட்டுங்கள், பொம்மையில் மனதுக்குப் பிடித்ததை வாங்குங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டி வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா?

இரண்டு படைகளும் ஒரே பெட்டியில் இருந்தால் அதை வாங்கி நண்பரோடு பங்கு போட்டுக்கொள்வது நல்லது. பகடை, அளவுகோல், சிறு விதிப் புத்தகம் எல்லாம் கூடவே வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில பெட்டிகளில் முழு விதிகள் இருக்காது, முதல் சில ஆட்டங்களுக்கான சுருக்கம் மட்டும் இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எந்தப் படையை எடுத்தால் ஜெயிக்கலாம்?

இன்று வலுவான படை அடுத்த புள்ளித் திருத்தத்தில் சாதாரணமாகிவிடும். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இருவரும் 500 புள்ளிக்கோ 1000 புள்ளிக்கோ படை அமைப்பீர்கள். அந்தப் புள்ளிகளை வெளியீட்டாளர் அவ்வப்போது மாற்றுவார். ஆகவே தோற்றத்தைப் பார்த்து எடுங்கள். இரவில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து எந்தப் பொம்மையின் கண்ணுக்குப் புள்ளி வைக்க ஆசைப்படுகிறீர்களோ, அதுதான் உங்கள் படை.

ஆனால் எண்ணிக்கையை யோசிக்காமல் விட வேண்டாம். கவசம் பூண்ட பதினைந்து வீரர்களும் அறுபது குட்டிச்சாத்தான்களும் புள்ளிக் கணக்கில் சமமாக இருக்கலாம். மேசையில் சமம், வேலையில் நான்கு மடங்கு. அறுபது பெல்ட், அறுபது ஜோடி செருப்பு, நூற்றிருபது கண்கள். நான் முப்பத்தைந்தாவதில் நிறுத்தினேன். மிச்சம் இருபத்தைந்து பேர் இன்னும் சாம்பல் நிறத்திலேயே போருக்குப் போகிறார்கள்.

28 மி.மீ, 15 மி.மீ என்கிறார்களே, அது என்ன?

மனித உருவத்தின் தோராய உயரம். 28 என்றால் பாதத்திலிருந்து கண் வரைக்கும் என்று சிலர், உச்சி வரைக்கும் என்று சிலர். அதனால் இரண்டு நிறுவனங்களின் 28 பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று அண்ணன், ஒன்று தம்பி போலிருக்கும். 15 மி.மீ அளவு டாங்கிகள், பட்டாளங்கள் உள்ள வரலாற்றுப் போர்களுக்கு ஏற்றது. 6 மி.மீ அளவில் முழுப் போர்க்களத்தையும் ஒரு மேசைக்குள் அடக்கிவிடலாம். உயரத்தைவிட, பொம்மை நிற்கும் அடித்தட்டின் அளவுதான் ஆட்டத்தைப் பாதிக்கும். 25, 32, 40 மி.மீ என்று விதியில் சொன்ன வட்டத் தட்டில் ஒட்டுங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தட்டையான முனை கொண்ட கட்டர், கூர்மையான ஹாபி கத்தி, நைஸான உப்புத்தாள், பசை, இரண்டு பிரஷ். ஏர்பிரஷ் இப்போதைக்கு வேண்டாம்.

பசையில்தான் பலர் தவறுகிறார்கள். பிளாஸ்டிக் பொம்மைக்குப் பிளாஸ்டிக் சிமென்ட் வாங்குங்கள். அது இரண்டு பக்கத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும், காய்ந்தபின் இணைப்பின் தடமே தெரியாது. அதே சிமென்ட் உலோகத்திலும் ரெசினிலும் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) பிடிக்கவே பிடிக்காது. அவற்றுக்குச் சூப்பர் க்ளூ. கனமான உலோகக் கை அடிக்கடி கழன்று விழுந்தால், இரண்டு பக்கமும் மெல்லிய துளை போட்டு நடுவில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள்.

ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது பொம்மையை ஒட்டி வெட்டாமல், கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். உடலைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும், அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. கத்தியின் முதுகால் சுரண்டினால் போய்விடும். சுரண்டாமல் விட்டால் இப்போது கண்ணுக்குத் தெரியாது, வண்ணம் பட்டதும் முகத்தின் குறுக்கே தழும்பு போல எழுந்து நிற்கும்.

ரெசின் பொம்மையை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் இன்னும் நல்லது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேடயக் கையை ஒட்டிவிட்டுப் பெயிண்ட் செய்ய உட்காராதீர்கள். மார்பு முழுவதும் கேடயத்துக்குப் பின்னால் போய்விடும், பிரஷ் நுழையாது. என் முதல் பத்து வீரர்களுக்கும் மார்பு இன்றுவரை கறுப்புதான்.

எனக்கு வண்ணம் தீட்டவே வராது. என்ன செய்வது?

நேர்கோடு போடத் தெரியாதவர்கள் அழகான படைகளை முடித்ததைப் பார்த்திருக்கிறேன். இதில் ஓவியத் திறமையைவிட வேலை வரிசைதான் முக்கியம்.

முதலில் பிரைமர், அதாவது வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. ஸ்ப்ரே என்றால் 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, விட்டு விட்டு, பொம்மைக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியும்படி வீசுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் செய்யாதீர்கள். மழை நின்ற ஒரு மாலையில் அவசரப்பட்டு அடித்தேன். காய்ந்தபின் எல்லார் மேலும் மணல் தூவியது போலச் சொரசொரப்பு. எவ்வளவு பெயிண்ட் பூசினாலும் அது மறையவில்லை.

அப்புறம் அடிப்படை நிறங்கள். அக்ரிலிக் பெயிண்டை டப்பாவிலிருந்து நேரே எடுக்காமல், ஒரு தட்டில் சொட்டுத் தண்ணீர் விட்டு நீர்த்த பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் பூச்சில் அடிநிறம் தெரியும், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் இன்னொரு மெல்லிய பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் முகத்தில் மூக்கும் வாயும் காணாமல் போகும். பிரஷின் உலோக வளையம் வரைக்கும் பெயிண்டை ஏறவிடாதீர்கள். அங்கே காய்ந்தால் முனை பிளந்துவிடும்.

மூன்றாவது வாஷ். மிக நீர்த்த கருநிறத் திரவம் இது. மேலே பூசினால் தானாகவே மடிப்புகளிலும் பள்ளங்களிலும் போய்த் தங்கி நிழலாகும். ஐந்து நிமிடம் முன்பு விளையாட்டுச் சாமான் போலிருந்த பொம்மைக்கு ஆடை மடிப்பும் விரல் இடுக்கும் வந்துவிடும். குட்டையாகத் தேங்கிய இடத்தை ஈரப் பிரஷால் உறிஞ்சி எடுங்கள். கடைசியாக உலர் பிரஷ்: வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் லேசாக வருடுங்கள். உரோமத்துக்கும் சங்கிலிக் கவசத்துக்கும் இதைவிட எளிய வழி கிடையாது.

இதுவும் நீளமாகத் தோன்றினால், 2019-ல் 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயரில் வந்து பரவலான வகைப் பெயிண்டுகள் இருக்கின்றன. வெளிர் பிரைமர் மேல் ஒரே பூச்சு. நிறமும் நிழலும் சேர்ந்தே விழும். பெரிய தட்டைப் பரப்புகளில் திட்டுத்திட்டாகத் தெரியும், துணியிலும் தோலிலும் அருமையாக இருக்கும். கையால் எடுத்து ஆடும் பொம்மை என்பதால் முடிவில் மேட் வார்னிஷ், அதாவது பளபளக்காத பாதுகாப்புத் திரவம், ஒரு பூச்சு.

வண்ணம் தீட்டாமல் ஆடலாமா?

தாராளமாக. வார்ஹாமர் 40,000-ன் ஒன்பதாம், பத்தாம் பதிப்பு ஆட்டங்களில் மட்டும், படை முழுவதும் வண்ணம் தீட்டியிருந்தால் 100 வெற்றிப் புள்ளிகளில் 10 அதற்கே கிடைத்துவிடும். நண்பர்களுக்குள் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

விதிப் புத்தகம் தலையணை கனத்தில் இருக்கிறது. எங்கிருந்து படிப்பது?

பாதிக்கு மேல் கதையும் படங்களும்தான். அதைப் படுக்கையில் படித்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு பக்கத்தைத் தேடுங்கள்: ஒரு சுற்றில் எது முதலில், எது அடுத்து என்ற வரிசை. அதைக் கைப்பட ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசை ஓரத்தில் வையுங்கள்.

யார் எப்போது நகர்த்துவார்கள் என்பதில்தான் விளையாட்டுகள் முக்கியமாக வேறுபடுகின்றன. சிலவற்றில் ஒருவர் தன் முழுப் படையையும் நகர்த்தி முடித்தபின் மற்றவர். சிலவற்றில் நீங்கள் ஒருவன், அவர் ஒருவன் என்று மாறி மாறி. போல்ட் ஆக்‌ஷனில் இரு பக்கத்துப் பகடைகளையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். யார் நிறம் வருகிறதோ அவர் ஒரு குழுவுக்கு உத்தரவு கொடுக்கலாம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மாறி மாறி ஆடும் வகையே சரி.

முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். சிறப்புத் திறமை, மந்திரம், வாகனம் எதுவும் வேண்டாம். நகர்வது, சுடுவது, கைகலப்பது. நடுவில் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் பகடை உருட்டித் தீர்த்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் தேடுங்கள்.

எனக்குப் பகடை ராசியே இல்லை. நான் ஆடலாமா?

ராசியைவிடக் கணக்கு கைகொடுக்கும். ஓர் உதாரணம்: பத்து அம்புகள் எய்கிறீர்கள். 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் படும். ஏறக்குறைய ஏழு படும். காயமாக 4 அல்லது மேல். அந்த ஏழில் மூன்றோ நான்கோ தேறும். எதிரியின் கவசம் 5 அல்லது மேல் விழுந்தால் தடுக்கும், அதாவது மூன்றில் ஒன்று. மிச்சம் இரண்டு. பத்து அம்புக்கு இரண்டு பேர் விழுவதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. ஐந்து பேர் விழுவார்கள் என்று திட்டம் போட்டுவிட்டு ராசியைத் திட்டுகிறோம்.

இன்னொன்று. பல விளையாட்டுகளில் பாய்ந்து தாக்க இரண்டு பகடை உருட்டுவீர்கள். கூட்டுத்தொகைதான் ஓடக்கூடிய அங்குலம். 7 அங்குலம் தூரத்தில் எதிரி இருந்தால் எட்டிப்பிடிக்க 58 சதவீத வாய்ப்பு. 9 அங்குலம் என்றால் 28 சதவீதம்தான். இரண்டு அங்குலம் கூடுதலாக நெருங்கி நின்றிருந்தால் வாய்ப்பு இரண்டு மடங்காகியிருக்கும்.

பெரிய மேசை இல்லையே?

சிறு மோதல் ஆட்டங்களுக்கு வேண்டியதில்லை. கில் டீம் களம் 30-க்கு 22 அங்குலம், சாதாரண மேசையில் அடங்கும். வார்ஹாமர் 40,000-ல் சின்ன ஆட்டத்துக்கு 44-க்கு 30 அங்குலமும், 2000 புள்ளி ஆட்டத்துக்கு 60-க்கு 44 அங்குலமும் வேண்டும். தரையில் ஆடலாம், முழங்கால் ஒத்துழைத்தால்.

மேசையைவிட அதன் மேல் இருப்பவைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். வெறும் மேசையில் ஆடினால் முதலில் சுடுபவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். பரப்பில் கால்வாசியாவது கட்டடம், சுவர், மேடு என்று நிரப்புங்கள். அவற்றில் சில, பார்வையை முழுதாக மறைக்கும் உயரத்தில் இருக்கட்டும். துணிக்கு அடியில் இரண்டு புத்தகம் வைத்தால் குன்று. அட்டைப்பெட்டியில் ஜன்னல் வெட்டினால் பாழடைந்த வீடு.

மற்றவரோடு ஆடும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

கேட்காமல் அவர் பொம்மையைத் தொடுவதை. ஒரு கேடயத்துக்கு அவர் மூன்று இரவுகள் செலவிட்டிருப்பார். பகடை உருட்டியதும் அள்ளிவிடாதீர்கள், அவர் பார்க்கட்டும். சாய்ந்து நின்ற பகடையை மறுபடி உருட்டுவது வழக்கம், அதை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். நகர்த்தும்போது எண்ணத்தையும் சொல்லுங்கள்: 'இவன் சுவருக்குப் பின்னால் முழுசாக மறைந்து நிற்கிறான், சரியா?' அவர் சரி என்றுவிட்டால் பிறகு அரை மில்லிமீட்டர் சண்டை வராது.

3டி பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்குள் பிரச்சினையில்லை. நிறுவனங்களே நடத்தும் போட்டிகளில் பெரும்பாலும் தங்கள் பொம்மைகளைத்தான் அனுமதிப்பார்கள். காயாத ரெசின் திரவத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை, காற்றோட்டமான அறை இரண்டும் அவசியம். அது தனியான ஒரு பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

ஆள் கிடைக்கும் வரை தனியாக ஆட முடியுமா?

முடியும். 'ரேஞ்சர்ஸ் ஆஃப் ஷேடோ டீப்' போன்றவை தனியாகவோ நண்பரோடு ஒரே அணியாகவோ ஆடுவதற்கென்றே எழுதப்பட்டவை. எதிரிகள் எப்படி நகர்வார்கள் என்பதை விதிகளே சொல்லிவிடும்.

முதல் ஆட்டத்தில் படுதோல்வி. எங்கே தவறு?

பெரும்பாலும் எதிரியைக் கொல்வதிலேயே கவனமாக இருந்திருப்பீர்கள். அநேக ஆட்டங்களில் மேசையில் குறியிட்ட இடங்களைப் பிடித்து வைத்திருப்பதற்குத்தான் புள்ளி. பத்துப் பேரை வீழ்த்தியவர் தோற்பதும், ஒரே ஒருவனைக் கிணற்றடியில் கடைசிச் சுற்று வரைக்கும் ஒளித்து வைத்தவர் ஜெயிப்பதும் வாடிக்கை. அடுத்த முறை அதே களம், அதே இடங்கள், படைகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களை அடித்து நொறுக்கிய அந்தப் பூதத்தை நீங்கள் நகர்த்தும்போதுதான், அது ஒரு சுற்றில் நான்கு அங்குலம் மட்டுமே நகரும் என்பது தெரியவரும்.